டாங்கிக்குள் வெயில் படாது

மொந்தெகாலோ ஊரில் கட்சிச் செயலாளர் தோன் லித்தெரியோவுக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஊரில் மற்ற எல்லாருக்கும் தெரியும்.

ரோமிலிருந்து பெரிய மனிதர் யாரோ வருகிறார் என்று அவர் ஊர்ச் சதுக்கத்துக்குப் புதுக் கல் பாவச் சொன்னார். சதுக்கத்தின் நடுவே பழங்காலத் தானியக் குழிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டையே இறக்கி வைக்கலாம். அவற்றைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்ப வேண்டும். கொத்தனார் சீக்குவுக்கோ அவகாசம் இல்லை. குழிவாயின் குறுக்கே நாலு உத்தரத்தைக் கிடத்தி, மேலே அழகாகக் கல்லைப் பாவிவிட்டு, "நிரப்பியாச்சுங்க ஐயா" என்று தொப்பியைக் கழற்றினார்.

யார் போய்ச் சொல்வது? கடைசியாகத் தோன் லித்தெரியோவிடம் கெட்ட செய்தி சொன்ன பள்ளிக்கூட வாத்தியார் ஏதோ ஒரு தீவில் போலீஸ் காவலில் கிடந்தார். ஊர் வாயை மூடிக்கொண்டது. கழுதை வண்டிகள் ஓரமாகப் போயின. ஊரைக் காக்கும் புனித வீத்தோவின் திருவிழாச் சப்பரமும் கோயில் சுவரை ஒட்டியே திரும்பியது. செயலாளர் அதைப் பக்தி என்று நினைத்துப் பூரித்துப்போனார்.

இதெல்லாம் அக்ரிப்பீனாவுக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு அவரோடு வேறு வழக்கு இருந்தது. ஊரிலிருந்து ஒரு பையன் 'தானாக முன்வந்து' லிபியாவுக்குச் சண்டைக்குப் போகவேண்டும் என்று மேலிடம் சொன்னபோது, தோன் லித்தெரியோ தன் மகனுக்கு இருமல் என்று வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அக்ரிப்பீனாவின் ஒரே மகன் நித்துவைப் பிடித்து அனுப்பினார். அழுதுகொண்டு வந்தவளிடம் சொன்னார்: "எதுக்கும்மா அழற? நடந்து போறவன்தான் பாலைவனத்துல காயணும். உன் பையன் டாங்கிக்குள்ள உக்காந்து போவான். வெயிலே படாது. நல்ல நிழல்!"

அந்த டாங்கியைச் சிப்பாய்களே மத்திமீன் டப்பா என்றுதான் சொல்வார்களாம். எதிரியின் பெரிய டாங்கிகள் வந்த அன்று, அடிபட்டு நெளிந்த மூடி திறக்கவே இல்லை. உள்ளேயிருந்து நித்து ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தான் என்று, ஒரு கையோடு ஊர் திரும்பிய அவன் கூட்டாளி சொன்னான். அன்றைக்கு அக்ரிப்பீனா கறுப்பு உடுத்தினாள். கறுப்பு உடுத்திய தாய்மார் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். மற்றவர்கள் அழுதார்கள். இவள் காத்திருந்தாள்.

ஜூலை மாதம் அமெரிக்கர்கள் கடற்கரையில் இறங்கினார்கள். ஜெர்மானியர்கள் மலைப்பக்கம் பின்வாங்கினார்கள். அக்ரிப்பீனா சதுக்கத்து ஓரத்தில் பலகைகளில் தக்காளி விழுதைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு நூன்சியாத்தா ஓடி வந்தாள்.

"அக்கா! செயலாளர் கிளம்பிட்டாரு! மலைக்கு வழி காட்டுறேன்னு சொல்லி ஜெர்மன்காரன் டாங்கி மேல ஏறிட்டாரு. மடியில பெட்டி வேற. மாப்பிள்ளை ஊர்வலம் தோத்துது போ!"

அக்ரிப்பீனா கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். "வா. சப்பரத்தை வெளிய எடுக்கணும்."

"இப்பவா? திருவிழாதான் முடிஞ்சுபோச்சே."

"புனிதருக்குக் காத்து வாங்கணுமாம். ஆளுங்களைக் கூப்பிடுடி."

பாதிரியார் பாதாள அறையில் பதுங்கியிருந்ததால் கேட்க ஆளில்லை. பெண்கள் சப்பரத்தைச் சுமந்து வந்து, கோயில் சுவரை ஒட்டிய வழியை அடைத்து இறக்கினார்கள். முன்னால் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள்.

டாங்கி உறுமிக்கொண்டு வந்தது. பின்னால் ஒரு லாரி. மேலே தோன் லித்தெரியோ.

"எடுங்கடி அதை!"

"பாதி ஜெபத்துல இருக்கோமுங்க ஐயா," என்றாள் அக்ரிப்பீனா. "அவசரம்னா புனிதர் மேல ஏத்திட்டுப் போங்க. உங்களை நாய் கடிச்சப்போ காப்பாத்தினவருதானே, கோவிச்சுக்க மாட்டாரு."

தோன் லித்தெரியோ சட்டென்று தொப்பியைக் கழற்றினார். ரோமைத் தவிர யாருக்கும் அஞ்சாத மனிதர்தான், ஆனால் புனித வீத்தோ விஷயத்தில் விளையாட மாட்டார். ஜெர்மன் சார்ஜென்ட் வானத்தைக் காட்டிக் கத்தினான்; விமானம் வந்துவிடும். செயலாளர் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டு, சதுக்கத்தின் நடுவைக் கைகாட்டினார்.

"இப்படிப் போங்க! நான் பாவின கல்லு! பத்து டாங்கி தாங்கும்!"

நூன்சியாத்தாவின் ஜெபம் நின்றுபோயிற்று.

"நிறுத்தாதடி," என்றாள் அக்ரிப்பீனா.

உத்தரம் முறியும் சத்தம் கேட்டது. டாங்கி, சேற்றைக் கிளறும் பன்றிபோல மூக்கைக் குழிக்குள் விட்டு, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. பீரங்கிக் குழல் மண்ணுக்குள் புதைந்தது. தெருவில் உருண்டு விழுந்த தோன் லித்தெரியோ எழுந்து பார்ப்பதற்குள் சிப்பாய்கள் வெளியே குதித்து லாரியில் ஏறிவிட்டார்கள். அவரும் ஓடிப்போய் லாரியின் விளிம்பைப் பிடித்தார். சார்ஜென்ட் பூட்ஸ் காலால் அந்த விரல்களை மிதித்தான். லாரி பின்வாங்கி, ஒரு சந்துக்குள் புகுந்து போய்விட்டது.

ஜெபமும் முடிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சதுக்கத்தைச் சுற்றிக் கதவுகள் திறந்தன. வெளியே வந்தவர்கள் தோன் லித்தெரியோவையே பார்த்து நின்றார்கள். அதுதான் அவரைக் கலக்கியது. சுற்றுமுற்றும் பார்த்தார். தெருமட்டத்துக்கு இறங்கியிருந்த டாங்கியின் வாய்க்குள் புகுந்து, மூடியை உள்ளிருந்து இழுத்துக்கொண்டார்.

அக்ரிப்பீனா ஒரு தக்காளிப் பலகையை வழித்து எடுத்து வந்தாள். மூடிமேல் அதைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். அவள் கனம் ஊரறிந்த கனம். கறுப்புக் குடையை விரித்துக்கொண்டாள்.

உச்சி வெயில். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து தட்டல் கேட்டது.

"அக்ரிப்பீனாம்மா! திறம்மா! இரும்பு கொதிக்குது!"

"நிழல் எப்படிங்க ஐயா இருக்கு?"

"உன் கால்ல விழறேன்!"

"விழறதுக்கு உள்ள இடம் இருக்கா? என் பையன் இன்னும் சின்ன டப்பாவுல இருந்தானே."

தட்டல் பலமாயிற்று. நூன்சியாத்தா கையைப் பிசைந்தாள். "அக்கா, போதும்க்கா. செத்துகித்துப் போயிடப்போறாரு."

"தட்டுறாருல்ல? தட்டுறவரைக்கும் உசுரு இருக்குன்னு அர்த்தம். தட்டுறது நிக்கட்டும். அப்ப எந்திரிக்கிறேன்."

நூன்சியாத்தா கோயிலைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். பிறகு இன்னொரு பலகையைக் கொண்டு வந்து போட்டு, அக்ரிப்பீனாவின் குடைக்குள் நெருங்கி உட்கார்ந்தாள்.