ஒன்பதாவது வட்டம்

இலைகளை அடுக்கி அம்புக்குறி வைத்தால் ஆடு தின்றுவிடுகிறது. அதனால்தான் சுண்ணாம்பு. தப்பித்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

1978-இல் வடக்கே, கேம்ப் என்ற பகுதியின் கிறிஸ்தவக் கோயில்காரர்கள் நாங்கள் சிலர், ஞாயிறுதோறும் ஏரவாடா பக்கம் ஆற்றோரம் பறவை பார்க்க நடப்போம். முதல் பூசைக்குப் போனவர்கள் முன்னே. இரண்டாம் பூசைச் சோம்பேறிகள் ஒரு மணி நேரம் கழித்துப் பின்னே. பார்த்த இடத்தில் அவர்களுக்கு ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

அந்த ஏப்ரலில் ரோட்டோர வேப்பமரப் பொந்தில் ஓர் இருவாச்சி குடிபுகுந்திருந்தது. பெட்டை உள்ளே உட்கார்ந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். இறகுகளையும் உதிர்த்துவிடும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் இருக்கும். அதன் வழியே ஆண் ஊட்டினால்தான் அதற்கும் குஞ்சுகளுக்கும் உயிர்.

எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் ஒரே பைத்தியம். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை டப்பாவில் கொண்டுபோய், அடிமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"வேண்டாம் எல்சி. கண்ணு இருக்கிறவன் பார்த்துப்பான்," என்றார் அண்ணன் ஹெர்பர்ட்.

"ரெண்டாம் பூசைக்காரங்களுக்குக் கண்ணா? கோயில்லயே தூங்குறவங்க!"

நான் வாயைத் திறந்தால் அவர் விட்டுக்கொடுத்துவிடுவார். அன்றும் விட்டுக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு போனபோது ரோட்டில் நிழலே இல்லை. அகலப்படுத்துகிறார்களாம், வரிசையாக மரங்கள் விழுந்து கிடந்தன. கிளை கழித்துக்கொண்டிருந்த கலியன் என்பவர் எங்கள் தமிழைக் கேட்டு எழுந்து வந்தார்.

"புதன்கிழமை ஆபீஸ்காரங்க வந்து வெட்டுற மரத்துக்கெல்லாம் வெள்ளை வட்டம் போட்டுட்டுப் போனாங்கம்மா. எட்டு மரம்னாரு மேஸ்திரி. வந்து பார்த்தா ஒம்பது வட்டம் இருந்துச்சு. அவருதான் தப்பா எண்ணிட்டாருன்னு எல்லாத்தையும் வெட்டிட்டோம்."

ஓரமாகக் கிடந்த சாக்கை விலக்கிக் காட்டினார். பெட்டை நசுங்கியிருந்தது. பக்கத்தில் இறகு முளைக்காத குஞ்சுகள் இரண்டு, அவையும் செத்துத்தான் கிடந்தன.

"உள்ளார பறவை இருக்கும்னு யாருக்கும்மா தெரியும்? வாசலே இல்லையே."

அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். வட்டம் போட்ட கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது எனக்கு.

அதற்குள் இரண்டாம் பூசைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"எந்த மரம், எல்சி ஆன்ட்டி? எல்லாத்துலயும் வட்டம் இருக்கே?" என்றாள் போன வாரம் வராத ஆட்ரி.

நான் மேலே காட்டினேன். பொந்து இருந்த உயரத்தில், அலகில் ஓர் அத்திப்பழத்தோடு, ஆண் இருவாச்சி வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.