மீன்கொத்தியும் ஒரு கல்லும்

நீர்வளத்துறைத் தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம் குவாங் தெஷெங் ஓவியரானார். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களும் சமையலறை வாசலில் நின்று, வெங்காயத்தாளை எப்படி நறுக்க வேண்டும் என்று மனைவிக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் அவள்தான் முதியோர் கல்லூரியில் அவர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமைதோறும் மை ஓவிய வகுப்பு. ச்சியாவ் டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. யாராவது கோணலாக வரைந்தால் வாயால் திருத்தமாட்டாள். தூரிகையை வாங்கி அந்தக் காகிதத்திலேயே நாலு இழுப்பு இழுத்துக் காட்டுவாள். மற்றவர்கள் அதைப் பார்த்துப் புதுக் காகிதத்தில் தாங்களே வரைந்து பழகுவார்கள். குவாங் மட்டும் டீச்சர் கைபட்ட காகிதத்தையே வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு போய், வரைந்தவர் பெயரைச் சொல்லும் தன் சிவப்பு முத்திரையை ஓரத்தில் குத்திவிடுவார். முப்பது வருஷம் அடுத்தவர் எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்ட கை அது. இதில் என்ன தப்பு என்றே அதற்குத் தெரியவில்லை.

தாமரைத் தண்டில் உட்கார்ந்த மீன்கொத்தி ஒன்று அப்படித்தான் அவருடையதாயிற்று. தண்டு டீச்சருடையது, பறவை டீச்சருடையது, தண்ணீர்கூட டீச்சருடையதுதான். கீழே கிடந்த கல் மட்டும் குவாங்குடையது.

முதியோர் தினக் கண்காட்சியில் அதை நடுச்சுவரில் மாட்டினார்கள். முன்னாள் தலைவர் படத்தை வேறெங்கே மாட்டுவது? அவருடைய பழைய கார் டிரைவர் பாவ் வரைந்த பூசணிக்காய்க்குக் கழிப்பறைக்குப் போகும் வழியில் இடம் கிடைத்தது.

“என்னப்பா இது, வீங்கின முட்டி மாதிரி இருக்கு?” என்று குவாங் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

“என் முட்டியப் பாத்துத்தான் வரைஞ்சேன் தலைவரே. உங்க கார்ல கிளட்ச மிதிச்சு மிதிச்சு வீங்கினது.”

அதற்குள் முதியோர் கல்லூரிச் செயலாளர் கையைத் தட்டினார். “வழக்கம்போல, நடுச்சுவர் ஓவியர் இப்ப நம்ம முன்னாடி ஒரு படம் வரைவாரு!”

நீண்ட மேசை, கம்பளி விரிப்பு, அரைத்த மை எல்லாம் தயாராக இருந்தன. பதவியில் இருந்தபோது இப்படிப்பட்ட மேசைகளில் குவாங் எத்தனையோ தடவை தூரிகையால் நாலு வாழ்த்து எழுத்து எழுதியிருக்கிறார். தூரிகை காகிதத்தைத் தொடும் முன்பே கைதட்டல் கிளம்பிவிடும். இன்று ஒருவரும் தட்டவில்லை. பறவையைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

“மணிக்கட்டுல கொஞ்சம் வலி...”

“பரவால்ல தலைவரே, அதே மீன்கொத்தி, சின்னதாப் போதும்.”

வரைந்தார். மை பரவிப் பரவி, மூக்கு வைத்த உருளைக்கிழங்கு ஒன்று உருவாயிற்று.

“இது வாத்துங்களா?” என்றாள் ஓர் அம்மாள்.

“டீ கெட்டிலு. மூக்கப் பாருங்க,” என்றார் பக்கத்துக் கிழவர்.

குவாங்கின் மனைவி தரையைப் பார்த்தாள். அப்போதுதான் ச்சியாவ் டீச்சர், வகுப்பில் செய்கிற அதே பழக்கத்தில், அவர் கையிலிருந்த தூரிகையை வாங்கி நாலு இழுப்பு இழுத்தாள். உருளைக்கிழங்கு சிறகடித்துக்கொண்டு மீன்கொத்தியானது. கூட்டம் மேசையைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, மறுபடி மேசையைப் பார்த்தது. இரண்டும் ஒரே கூட்டுப் பறவைகள்.

“கல்ல நீங்க போடுங்க தலைவரே,” என்று தூரிகையைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் குரலில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் குவாங்கைச் சுட்டது.

கல்லைப் போட்டார். தூரிகையைக் கீழே வைத்தார்.

“செவுத்துல இருக்கறதும் அவங்க போட்டதுதான்,” என்றார். “நான் போட்டது கல்லு மட்டும். முத்திரையும்.”

செயலாளர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். “பாத்தீங்களா மனச! எல்லாப் பெருமையையும் டீச்சருக்கே குடுத்துட்டாரு!”

கைதட்டல் கூரையைத் தூக்கியது.

“இல்லய்யா, நெசமாவே...”

“அடக்கம்! அடக்கம்!” கைதட்டல் இன்னும் பலத்தது. பாவ்கூடத் தட்டினார், குவாங்கின் முகத்தைப் பார்க்காமல்.

டீச்சர் மட்டும் கிண்ணத்தில் தூரிகையை அலசிக்கொண்டிருந்தாள். குவாங் குனிந்து, “நீங்களாவது சொல்லுங்க டீச்சர்,” என்றார்.

“என்னத்தச் சொல்ல?” என்றாள் அவள், மெல்ல. “அடுத்த வருஷமும் இவங்க எனக்கு வகுப்பு குடுக்கணுமில்ல.”

குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

“அப்படியே இருங்க தலைவரே,” என்று புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். “பணிவு நல்லா விழுது.”