சாவியாய்ப் போன சாவி

எங்கள் மேனேஜர் வைத்தியலிங்கம் சார் ஒரு சாவியை லேமினேட் செய்து வைத்திருந்தார். பித்தளைச் சாவி இல்லை. சென்னையில் ஒரு டயாலிசிஸ் நிறுவனம் தன் நோயாளிகளின் விவரமெல்லாம் கிளவுடில் வைத்திருக்கிறது. அதற்குள் நுழைவதற்கான அறுபது எழுத்துச் சாவி. கண்ணாடி போடாமல் படிக்க வசதியாக இருபத்தெட்டு பாயிண்டில் அச்சடித்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்தார். டீ கொண்டு வருகிறவர் கிளாஸை அதன் மேல்தான் வைப்பார்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் ஆபீஸ். சார் உட்பட நாலு பேர். அந்த விவரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் வேலை. நான் பிரதீபா, வரிச்சிக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். மூன்று வருடமாகத் தற்காலிகம். தீபாவளிக்குள் பர்மனென்ட் ஆக்கிவிடுகிறேன் என்று சார் வாக்குக் கொடுத்து இரண்டு தீபாவளி வெடித்து முடிந்துவிட்டது. இந்தத் தீபாவளியோடு என் ஒப்பந்தமும் முடிகிறது. ஆர்டர் வராவிட்டால் சென்னையில்தான் வேலை தேட வேண்டும். என் வீட்டுக்காரர் கதிரவன் வயலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூட வர முடியாது. அதனால் சார் என்ன சொன்னாலும் "சரி சார்" என்று சொல்லிப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆகஸ்டில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. நிரந்தரச் சாவி இனிமேல் கூடாது, எல்லாரும் புதிய கருவி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்று. பெரிய வித்தை ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் ஒரு வார்த்தை தட்டினால் பிரவுசர் திறந்து நீ யார் என்று கேட்கும். போனில் 'ஆம்' என்று அழுத்தினால் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு சாவி தரும். மணி முடிந்ததும் அது செத்துப்போகும். எவன் திருடிக்கொண்டு போனாலும் அதற்குப் பிறகு ஒரு உபயோகமும் இல்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டேன். தட்ட வேண்டிய வார்த்தையை 'சாவி' என்றே வைத்தேன். சார் எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவருக்குக் கறுப்புத் திரையைக் கண்டால் கௌரவக் குறைச்சல்.

"மணிக்கொரு தரம் சாவி கேட்டு வாங்க இது என்ன பெட்ரோல் பங்க் பாத்ரூமாம்மா? பழையபடி மாத்திடு."

சரி சார், பழைய சாவியையே அந்த வார்த்தைக்குள் வைத்துவிடுகிறேன் என்றேன். மாற்றவில்லை. அன்று சாயங்காலமே கிளவுடுக்குள் போய் அந்த அறுபது எழுத்துச் சாவியை முடக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான்.

அவருக்குத் தெரியவேயில்லை. அவர் உள்ளே போவதே நாளுக்கு ஒரு தரம்தான். தினமும் காலையில் வந்து 'சாவி' என்று தட்டினார், போன் கேட்டதும் படிக்காமல் 'ஆம்' என்று அழுத்தினார், லேமினேட் சாவிதான் வேலை செய்கிறது என்று நிம்மதியாக டீ குடித்தார். கறுப்புத் திரையைத் திட்டிக்கொண்டே அதில் எல்லாரையும்விட வேகமாகத் தட்டியவர் அவர்தான்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. மானிட்டர், பிரிண்டர், பஞ்சிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். சார் திடீரென்று நினைவு வந்தவராக மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அந்த அட்டையை எடுத்தார். தொழிலுக்கே ஆதாரம் இதுதானே என்று சொல்லி, நாலு மூலையிலும் பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்குக் கீழே சாத்தி, சாமந்திப் பூப் போட்டார். குங்குமம் தப்பித்தவறிக்கூட ஓர் எழுத்தின் மேல் படவில்லை. அவ்வளவு நேர்த்தி. நான் சுண்டல் கிண்ணங்களைக் கழுவப் போன நேரத்தில், புதுப் போனில் படம் எடுத்து ஆபீஸ் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார். லீவு முடிவதற்குள் முந்நூறு லைக்.

லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து தாவூது பேசினார். நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி, இங்கே பக்கத்து நெரவிக்காரர்தான். அந்தப் படத்தை அனுப்பி, இது உங்கள் ஆபீஸா என்று கேட்டார். சார் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். பிறகு சரளமாகப் பேசினார். சாவி விஷயமெல்லாம் பிரதீபா பொறுப்பு, தான் பூ வாங்கப் போயிருந்ததாகவும் அந்தப் பெண் விவரம் தெரியாமல் வைத்துவிட்டதாகவும் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு, என்னை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றார் தாவூது.

சார் கடிதம் எதையும் தானே டைப் செய்ய மாட்டார். சொல்லச் சொல்ல அடுத்தவர் அடிக்க வேண்டும். அதனால் என் மேல் வந்த புகாரை நானே அடித்தேன். 'இவ்வலுவலகத்தின் சாவிகள் அனைத்துக்கும் முழுப் பொறுப்பாளர் பிரதீபா மட்டுமே. அவற்றில் செய்யப்பட்ட எந்த மாற்றமும் எனக்குத் தெரியாமல் அவர் தன்னிச்சையாகச் செய்ததே.' தீபாவளி, ஆர்டர், வரிச்சிக்குடி எல்லாம் அந்த இரண்டு வரியில் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. 'தன்னிச்சை'யில் அவர் உச்சரிக்காமல் விட்ட 'ச்'சை மட்டும் போட்டு அனுப்பினேன்.

அரை மணியில் தாவூது மறுபடி கூப்பிட்டார்.

"சார், அந்தச் சாவிய வச்சு அறுபத்து மூணு தடவ உள்ள வரப் பாத்திருக்கானுவ. ஒண்ணும் நடக்கல. ஆகஸ்ட்லயே அத முடக்கியிருக்காங்க. உங்க கடிதப்படி பாத்தா பிரதீபா தானாச் செஞ்சது. அப்படித்தானே?"

சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகத் திருவேட்டக்குடி பஸ் கிளம்புவதைப் பார்த்தேன். எழுத்தில் கொடுத்தாகிவிட்டது. அப்படித்தான் என்றார்.

"அப்ப இன்னொரு விஷயம். முழுப் பொறுப்பாளர்னு எழுதிட்டீங்க. டெம்பரரி ஸ்டாஃப் கையில சாவிப் பொறுப்பு இருக்க எங்க விதியில இடமில்ல. இன்னைக்கே அவங்களுக்கு பர்மனென்ட் ஆர்டர் போட்டு காப்பி அனுப்பிடுங்க."

மத்தியானம் என் நியமன ஆர்டரை சார் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். அவர் குரல் ஒவ்வொரு வரிக்கும் இறங்கிக்கொண்டே போனது. எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த அட்டையை எடுத்துப் பூவைத் தட்டினார்.

"அப்ப இத்தனை நாளா இது என்னாச்சும்மா?"

போன வருடம் பூக்கிற சமயத்தில் மழை பிடித்து எங்கள் வயலில் பாதி நெல் சாவியாகிப் பதராய்ப் போனது. தூரத்திலிருந்து பார்த்தால் கதிர் நிமிர்ந்து அழகாக நிற்கும். கையில் பிடித்து நசுக்கினால் உள்ளே அரிசி இருக்காது.

"அது எப்பவோ சாவி சார்" என்றேன்.

"சாவிதாம்மா. அதத்தானே கேக்குறேன்."