மோடம் எதில் ஓடும்

புதுச் சாமான் என்று தெரிந்தால் ஏர்போர்ட்டில் வரி போடுவார்கள் என்று, என் வீட்டுக்காரர் அய்யூப் லேப்டாப்பின் அடியில் மாடல் பேர் போட்டிருந்த லேபிளைச் சுரண்டிவிட்டார். விளக்கப் புத்தகத்தையும் தம்மாமிலேயே போட்டுவிட்டு வந்தார். சவுதிக்குப் போய்வருகிற எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்கள் அத்தனை பேருக்கும் இதே புத்திதான். மிக்ஸி என்றால் தொலையட்டும், இது கம்ப்யூட்டர். மூடியில் அந்த ஊர்க் கடைக்காரன் ஒட்டிய பேர் மட்டும் மிச்சம்.

1999ஆம் வருஷம். நான் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட மிஷின் சொந்தமாக இருந்தால் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதி, டெலிபோன் வழியாக அனுப்பலாம் என்று ஒரு மதுரைக் கம்பெனி சொல்லியிருந்தது. அந்த வேலை கிடைத்தால் அய்யூப் திரும்பிப் போக வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை அவருக்கு ஃப்ளைட்.

சென்டர் முதலாளி காசிராஜன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா நூர்னிசா, மாடலே தெரியாம லினக்ஸ் போடப் போறியளா? ஸ்கிரீன், டிஸ்க் எல்லாம் எப்படியாவது சமாளிச்சிரலாம். டெலிபோன் லைன்ல அனுப்புற மோடத்தப் பாருங்க. சில மோடத்துக்குப் பாதி மூளை விண்டோஸ்லதான் இருக்கு. அத அழிச்சா மோடம் வெறும் டப்பா. உள்ள இருக்க விண்டோஸ்லயே மோடம் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிச்சிட்டு, பொறவு அழிங்க. திருப்பிப் போட நம்மகிட்ட சிடி கெடையாது."

படிக்கலாம்தான். அந்த விண்டோஸ் முழுக்க அரபியில் இருந்தது. நான் சின்ன வயசிலேயே குர்ஆன் ஓதி முடித்தவள், எழுத்து தெரியும், அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஓதுகிற எழுத்துக்கு மேலும் கீழும் ஜபர், ஜேர் என்று உச்சரிப்புக் குறி இருக்கும். இதில் அதுவும் இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது. அய்யூபுக்கோ அரபிப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு, ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. மதரஸாவுக்கு மட்டம் போட்டுவிட்டுக் குளத்தில் கிடந்த மனுஷன். அதனால் நான் எழுத்துக் கூட்டினேன், அவர் அர்த்தம் சொன்னார்.

தப்பாக வாசித்தால் சிரித்தார். "ஏட்டி, நீ சொல்றத அங்க சொன்னா அடிக்க வருவான்."

ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கடைசியில் மோடம் பக்கத்துக்கு வந்தோம். ஒரே ஒரு வரி. இரண்டு தடவை நிறுத்தி வாசித்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"விண்டோஸ்லயும் ஓடும், மத்ததுலயும் ஓடும்னு போட்டிருக்கு."

"நெசமாவா?"

"எனக்குத் தெரியாத அரபியா? அழிச்சிட்டுப் போடு."

அழித்தேன். லினக்ஸ் ஏறியது. ஸ்கிரீன் வந்தது, டிஸ்க் வந்தது, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மோடம் மட்டும் வரவில்லை. டெலிபோன் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். காசிராஜனே வீட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்க மல்லாடிவிட்டு, "இது அந்த ஜாதி மோடந்தாம்மா" என்று எழுந்து போனார்.

அர்த்தம் தெரியாமலே குர்ஆன் சூராக்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவள் நான். ஒரு வரி எம்மாத்திரம்? அய்யூபைக் கூப்பிட்டு, அந்த வரியை அப்படியே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் தரையைப் பார்த்தார்.

"விண்டோஸ்ல மட்டுந்தான் ஓடும்."

"அப்ப தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னியளா?"

"சரியாச் சொல்லியிருந்தா நீ அன்னைக்கே மதுரை வேலை வேண்டாம்னு விட்டிருப்ப. நான் பெட்டியக் கட்டணும். லினக்ஸப் போட்டுட்டா எப்படியாவது நீ ஓட வச்சிருவன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "தம்மாம் மாதிரி வருமான்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டு அலைஞ்சது யாரு? இப்ப என்ன வந்துச்சு?"

"எட்டு வருஷமா நல்லாயிருக்கேன் நல்லாயிருக்கேன்னு போன்ல சொன்னேன்லா, நூரு. அதையும் இப்படித்தான் மாத்திச் சொன்னேன்."

எட்டு வருஷமும் நான் அதைக் கேட்டுவிட்டு, நிம்மதியாகப் போனை வைத்தவள். மதுரைக்காரர்களிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலேயே, "போகாதீய" என்றேன்.