அண்ணன் மன்னித்துவிட்டார்

சவரக் கத்தி கன்னத்தைத் தொடப்போகும் நேரத்தில் கொழுந்தன் வந்து குறுக்கே கையை நீட்டினான்.

"வேண்டாம் அண்ணி. இன்னிக்குச் சவரம் வேண்டாம்."

"முகமெல்லாம் அரிக்குதுன்னு காலையில இருந்து சிலேட்டுல எழுதிக் காட்டிட்டிருக்கார்."

"அரிக்கட்டும். தாடியோட கிடந்தாத்தான் பார்க்க வர்றவங்களுக்கு மனசு இளகும். மழமழன்னு மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தா எவன் பாவம்னு சொல்வான்? அந்த இஸ்திரி போட்ட சட்டையையும் கழட்டிடுங்க. பழசா ஏதாவது மாட்டுங்க. கழுத்துல ஆபரேஷன் பண்ணின ஓட்டை நல்லாத் தெரியணும்."

கட்டிலில் கிடந்தவர் தம்பி சொன்னதைக் கேட்டு மெல்லத் தலையை ஆட்டினார். மேடைக்கு எந்தச் சட்டை எடுபடும் என்று கண்ணாடி முன் நின்று அரைமணி நேரம் யோசிக்கிற மனிதர் அவர். இதுவும் அவருக்கு உடனே புரிந்தது. அண்ணி ஒரு பக்கக் கன்னத்தில் பூசியிருந்த நுரையைத் துண்டால் துடைத்தாள்.

"யாரெல்லாம் வர்றாங்க?"

"எல்லாரும்தான். காலை ஷிப்ட் முடிஞ்சதும் கூட்டமா வர்றாங்க. அவளும் வர்றா."

"எவ?"

"பொத்தான்."

துண்டைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. "அவ எதுக்கு இங்க?"

"மன்னிப்புக் கேக்க."

"யாரு, யார்கிட்ட?"

கொழுந்தன் அவளை, கூட்டல் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அவதான், அண்ணன்கிட்ட. பின்ன, அண்ணன் அவகிட்டயா கேப்பார்?"

எதிர்த் தெருவில் இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிலில் கிடந்தவருக்கு 'அண்ணன்' என்றுதான் பெயர். தொழிலாளர் சங்கத் தலைவர். முதலாளியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர். கழிப்பறைக்குக் கதவு போட வைத்தவர். அதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். அவர் அண்ணன் என்பதால் அவர் மனைவி ஊருக்கெல்லாம் அண்ணி ஆனாள். அவளுக்கு என்று இருந்த பெயரை யாரும் கேட்டதில்லை.

தற்காலிகத் தொழிலாளிகளில் யாரை நிரந்தரமாக்குவது என்று நிர்வாகத்துக்குச் சொல்கிற உரிமையும் சங்கப் போராட்டத்தால் வந்ததுதான். அந்த உரிமை அண்ணன் கையில் இருந்தது. நிரந்தரமாக வேண்டிய பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் சங்க அறைக்கு வரவேண்டும், தனியாக வரவேண்டும். அறைக் கதவு சாத்தப்படும். வெளியே வந்தவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தார்கள். சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கிற பெண் ஒருத்தி மட்டும் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்து, ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே நின்று கத்தினாள். ஒவ்வொரு மெஷினாக நின்றது. கடைசி மெஷின் நின்ற பிறகும் அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

அண்ணனைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. வாசலில் எவனோ சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனான். தெருவில் அண்ணி நடந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நிர்வாகத்திடம் புகார் எழுதிக் கொடுத்த பொத்தானுக்கும் வேலை போயிற்று. 'வாய் நீளம்' என்று எந்தத் தொழிற்சாலையும் அவளைச் சேர்க்கவில்லை.

பிறகு அண்ணனின் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, மூக்கில் உணவுக்கு ஒரு குழாய், பேச்சுக்கு ஒரு சிலேட்டு. அவ்வளவுதான், சாணி ஊற்றின தெரு பழக்கூடையோடு வந்து நின்றது. விழுங்க முடியாத மனுஷனுக்கு வந்த பழத்தையெல்லாம் வந்தவர்களே உரித்துத் தின்றுவிட்டு, "பாவம், எப்படி இருந்த மனுஷன்!" என்று விதையைத் துப்பினார்கள்.

அண்ணிக்கும் அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. இருமும்போது கழுத்துத் துளையிலிருந்து சளி தெறிக்கும். துடைக்கும்போது அவள் கண் கலங்கும். அந்த வலி நடிப்பில்லை. அது அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பரிதாபத்தின் கூடவே இன்னொன்றும் அவளுக்குள் கிடந்தது. அதுவும் போகவில்லை.

"நாலு மணிக்குக் கம்பெனி ஆபீஸ்ல விசாரணை," என்றான் கொழுந்தன், நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டே. "இங்க மன்னிப்புக் கேட்டுட்டு, அங்க போய் 'புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்'னு சொல்லிடுவா. சொல்லிட்டா அவளுக்குப் பழைய வேலை, பழைய சீட்டு. நமக்குச் சங்க நிதியில இருந்து வைத்தியச் செலவு. புகார் அப்படியே இருந்தா ஒரு மாத்திரை கிடைக்காது, பார்த்துக்கங்க. எல்லாருக்கும் நல்லது."

"அவளுக்கு என்ன நல்லது?"

"சீட்டு கிடைக்குதே அண்ணி!"

மூன்று மணிக்கு மேல் படிக்கட்டு நிறைந்தது. இரண்டு அறை வீடு. முன்னறையில் கட்டில், கட்டிலைச் சுற்றி ஆட்கள். செருப்புகள் படி வரைக்கும் கிடந்தன. இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிற பெரியவள், எல்லோரும் 'அயர்ன் அக்கா' என்று கூப்பிடுகிறவள், நுழைந்ததுமே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, சிங்கம் மாதிரி கர்ஜிச்ச தொண்டையாச்சே! ஓட்டை போட்டுட்டாங்களே படுபாவிங்க!"

அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் தாடிக்குள் இறங்கிற்று. கொழுந்தனின் கணக்கு தப்பவில்லை.

கடைசியாக வந்தவர் கட்டிங் மாஸ்டர். இப்போது சங்கத்தின் பொறுப்புத் தலைவர். அவருக்கு முன்னால், யாரோ தள்ளிக்கொண்டு வந்ததுபோல, பொத்தான் வந்தாள். சின்ன உருவம். வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா, வா. யாரும் கடிக்க மாட்டாங்க," என்றான் கொழுந்தன்.

"அவதான் கடிச்சு முடிச்சுட்டாளே," என்றாள் அயர்ன் அக்கா. "பார்த்துக்கோடி. கண்ணு குளிரப் பார்த்துக்கோ. உன் வயித்தெரிச்சல்தான் அந்த மனுஷன் தொண்டையைப் பிடிச்சுது."

"நான் சாபம் குடுக்கலக்கா. புகார்தான் குடுத்தேன்."

"வாயைப் பார்த்தீங்களா!"

கட்டிங் மாஸ்டர் கையை உயர்த்தினார். அவருக்குச் சமாதானம் பேசுகிற குரல் ஒன்று உண்டு. பஞ்சில் எண்ணெய் விட்டதுபோல மெதுவாக ஊறும். "சரி சரி, விடுங்க. இதோ பாரும்மா. அவர் செஞ்சார், செய்யல, அதெல்லாம் ஆண்டவனுக்கு வெளிச்சம். ஆண்டவனே தண்டிச்சாச்சு. அதுக்கு மேல நாம யாரு? செத்த பாம்பை அடிக்கிறது மனுஷத்தனமா? பொய் சொன்னேன்னு நீ சொல்ல வேண்டாம். 'தெரியாம சொல்லிட்டேண்ணே, மன்னிச்சிருங்க'. அவ்வளவுதான். நோயாளி மனசுல பாரம் இருக்கக் கூடாது."

அப்படியானால் தன் மனதில் என்ன இருக்கலாம் என்றும் அவர் சொல்வாரோ என்று பொத்தான் சற்று நேரம் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அவள் கட்டிலருகே போனாள். உதடு காய்ந்திருந்தது. வேலையில்லாத வீட்டின் வறட்சி அது. அண்ணிக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"அண்ணே," என்றாள் பொத்தான். "தெரியாம... சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிலேட்டுக்குக் கை நீட்டினார். தலைமாட்டில் ஒரு பக்கம் கொழுந்தன், மறுபக்கம் அண்ணி. அவர் எழுதுவது அவர்கள் இருவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பலப்பம் கிறீச்சிட்டது. அழகான கையெழுத்து, நடுங்கவே இல்லை.

'அவளை மண்டி போடச் சொல்.'

கொழுந்தன் படித்தான். உள்ளங்கையால் ஒரே இழுப்பில் சிலேட்டைத் துடைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்:

"அண்ணன் மன்னிச்சிட்டேன்னு எழுதியிருக்கார்."

அயர்ன் அக்கா ஓவென்று அழுதாள். "எப்பேர்ப்பட்ட மனசு! இந்த நிலைமையிலயும் மன்னிக்கிறார் பாருங்க!" பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கட்டிங் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். பொத்தான் மட்டும், எதை மன்னித்தார் என்று புரியாதவள்போல நின்றாள்.

"அப்படி எழுதல," என்றாள் அண்ணி.

"அண்ணி..."

"எழுதினது வேற. 'அவளை மண்டி போடச் சொல்'னு எழுதினார்."

அண்ணனின் கழுத்துத் துளையில் காற்று போய்வருகிற சீழ்க்கை மட்டும் கேட்டது. அவர் மறுத்துத் தலையாட்டுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஆட்டவில்லை. தான் சொன்னதை இன்னும் யாரும் செய்யாத எரிச்சலோடு பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிங் மாஸ்டர்தான் முதலில் சுதாரித்தார். "சரி, எழுதினார்னே வெச்சுக்குவோம். இப்ப என்ன? சாகக் கிடக்கிற மனுஷனோட ஒரு ஆசை. ஒரு தடவை மண்டி போட்டா முட்டி தேஞ்சா போயிடும்?"

"அதானே," என்றாள் அயர்ன் அக்கா, கண்ணீரைத் துடைத்தபடி. "அவர் உடம்பு படற பாட்டுக்கு இது ஒரு பெரிய விஷயமா? போடு தாயி, போட்டுட்டு வேலையைப் பாரு."

பொத்தான் சுற்றிலும் பார்த்தாள். எல்லா முகத்திலும் இரக்கம் வழிந்தது, அவள் பக்கம் ஒரு துளியும் சிந்தாமல். மெல்ல அவள் முழங்கால் மடங்கியது. பாதி மடங்கியபோது அண்ணி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"நில்லு."

"அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா?" கொழுந்தன் பல்லைக் கடித்தான்.

"அன்னிக்கு இவ கத்தினா இல்ல, அன்னிக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தப்ப இவர் என்ன சொன்னார்னு உங்கள்ல யாராவது என்னைக் கேட்டீங்களா?" அண்ணியின் குரல் உயரவில்லை; அடுப்படியில் பேசுகிற அதே குரல். "'கத்தினதுதான் அவ செஞ்ச தப்பு. மத்தவளுங்கள்லாம் கத்தினாளுங்களா?'ன்னார். ரெண்டாவது தடவை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார். நானும் போட்டேன்."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் நிரந்தரத் தொழிலாளிகள்.

அண்ணன் கட்டில் சட்டத்தில் கையால் ஓங்கி அடித்தார். காற்று சீறியது, வார்த்தை வரவில்லை.

"ஐயோ, அவருக்கு மூச்சு வாங்குது! நீ ஒரு பொம்பளையா? நோயில கிடக்கிற புருஷனை நாலு பேர் முன்னால..." என்று பாய்ந்தாள் அயர்ன் அக்கா.

"நோய் தொண்டையிலதான்கா வந்துது," என்றாள் அண்ணி.

கொழுந்தன் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "இவ்வளவும் ஆபீஸ்ல போய்ச் சொல்லப் போறீங்களா? சொன்னா நாளைக்கு மருந்துக்கு என்ன பண்ணுவீங்க? அதைச் சொல்லுங்க."

"தெரியல."

அது பொய்யில்லை; அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அடுத்த வாரம் எப்படி ஓடும் என்பதும் தெரியவில்லை. இருந்தும் செருப்பைத் தேடினாள். பொத்தானின் கையை இன்னும் விடவில்லை.

வாசற்படியில் திரும்பி நின்றாள்.

"நாலு மணிக்கு அவருக்குப் பால் ஊத்தணும். பவுடர் கலந்து மூடி வெச்சிருக்கேன். தலையை நிமிர்த்தி வெச்சு, குழாய்ல முதல்ல கொஞ்சம் தண்ணி விடணும். அப்புறம் பால், மெதுவா. அவசரப்பட்டா ஏறிக்கும். இருமினா கழுத்துச் சளியை உடனே துடைக்கணும். யார் ஊத்துறீங்க?"

கட்டிலருகே நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"அக்கா, நீங்க?"

அயர்ன் அக்கா முந்தானையை உதறினாள். "எனக்கு இந்தச் சளி, கோழை எல்லாம் பார்த்தா குமட்டும்மா. வீட்டுல வேற போட்டது போட்டபடி கிடக்கு."

"மாஸ்டர்?"

"நான் விசாரணையில இருக்கணுமே," என்றார் கட்டிங் மாஸ்டர், ஏற்கெனவே செருப்பில் கால் நுழைத்தவராக. ஒருத்திக்குப் பிள்ளை அழும். இன்னொருவருக்குப் பேருந்து போய்விடும். மூன்றாமவர் காரணம் சொல்லக்கூட நிற்கவில்லை. நிரம்புவதற்கு அரைமணி எடுத்த வீடு வெற்றிலை எச்சில் துப்புகிற நேரத்தில் காலியானது. ஆனால் படியில் இறங்கும்போது எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டு போனார்கள். இவ்வளவு கல்நெஞ்சுக்காரியை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

அறையில் கொழுந்தன் மட்டும் மிஞ்சினான். ஒரு கையில் பால் கிண்ணம், மறு கையில் ஊற்றுகிற ஊசிக்குழல். எதை எதில் செருகுவது என்று தெரியாமல் அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் சிலேட்டில் கோபமாக என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். அதைப் படிக்க அண்ணி நிற்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் வெயில் கண்ணில் அடித்தது. தொழிற்சாலை வாசலில் முன்னால் போன கூட்டம் இவர்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தியது. பொத்தான் பாதித் தெருவில் நின்று, மேலே அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். "அவருக்குப் பசிக்காதா?"

"பசிக்கும்," என்றாள் அவள். "நட."