தண்ணீரில் ஒரு காலை வைத்தவள்

ஆடைத் தொழிற்சாலை பஸ் இரணைமடுப் பக்கத்துப் பெண்களை விடிய முன்னமே ஏற்றிக்கொண்டு போகும். தை மாதப் பனியில் இரணைமடுக் குளமும் தெரியாது, குளக்கட்டும் தெரியாது. மேகத்துக்குள் போவது போலிருக்கும். அனோஜாவுக்குப் பக்கத்தில் டிலுசா இருப்பாள். பஸ் ஓடத் தொடங்கினால் அவளுக்குத் தலை சுற்றும்.

"ஏதாவது கதையன். காது வேற இடத்தில இருந்தா வயிறு சும்மா கிடக்கும்" என்றாள் டிலுசா ஒருநாள்.

கதைக்க ஒன்றுமில்லாததால் அனோஜா ஒரு கதையைக் கட்டினாள். நீலவேணி என்று ஒருத்தி. பேரழகி. ஏழடுக்கு மாளிகை, அன்பான புருசன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்சீட்டில் இரண்டு பேர் நித்திரையாகிவிட்டார்கள்.

டிலுசா கொட்டாவி விட்டாள். "அவளுக்கு ஒரு குறையும் இல்லையே. பிறகு நான் ஏன் அவளுக்காக முழிச்சிருக்க வேணும்?"

அந்தக் கேள்வி அன்று முழுக்க அனோஜாவை விடவில்லை. சட்டைக் கழுத்துகள் மெசினுக்குள் போய்ப் போய் வந்தன. நீலவேணிக்கு என்னதான் வேணும்?

மறுநாள் கதையில் மாளிகை இல்லை. நீலவேணி ஒரு குளக்கரையில் ஓலை வீட்டில் இருந்தாள். தேங்காய் துருவும்போதெல்லாம் விரலைக் கீறிக்கொள்வாள்.

"என்ர மச்சாளும் அப்பிடித்தான்" என்று டிலுசா சிரித்தாள்.

பனி விழும் நாளில் மட்டும் குளத்து நடுவில் ஒரு வீடு தெரியும். சின்ன வயதிலிருந்தே நீலவேணிக்கு அங்கே போக ஆசை. தண்ணீரில் நடந்தே போகலாம். ஆனால் வழியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாலும் வீடு கரைந்துவிடும். ஒரு விடியற்காலை அவள் தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தாள். அப்போது யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றது. ஒருவரும் எழும்பவில்லை.

"திரும்பினவளோ?" என்று முன்னால் இருந்த டிரைவர் செல்வநாயகம் கேட்டார்.

"நாளைக்குச் சொல்லுறன் அண்ணை."

உண்மையில் அனோஜாவுக்கே தெரியாது. தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டார்கள். கூப்பிட்டது புருசன்தான், திரும்பத்தான் வேணும் என்றார்கள் சிலர். இவ்வளவு காலம் ஆசைப்பட்டவள் ஏன் திரும்ப வேணும் என்றார்கள் மற்றவர்கள். ஊரில் இருக்கும் ஒருத்தியைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார்கள்.

அன்று பின்னேரமே அனோஜாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடினால் பனியும் தண்ணீரும்தான் வந்தன.

மெலிந்துபோய்த் திரும்பவும் பஸ்ஸில் ஏறியபோது உள்ளே ஒரு குரல் நீலவேணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னவள் ராக்காயி. தொழிற்சாலையில் கூட்டித் துடைப்பவள்; யன்னலோரம் இருந்து ஒரு வார்த்தை பேசாமல் வருகிறவள். அனோஜாவைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

தன் வீட்டு அடுப்பில் வேறு யாரோ சோற்றுக்கு உலை வைத்துவிட்டதுபோல் அனோஜாவுக்கு எரிச்சல் வந்தது. "நீங்கள் ஏன் அக்கா தொடங்கினனீங்கள்?"

ராக்காயி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள். "நீ வரல. அந்தப் புள்ள ஒத்தக் காலத் தண்ணியில வச்சிக்கிட்டு அப்படியே நின்னா. பனி வேற. மனசு கேக்கல, அதான் நடக்க விட்டேன்."

அனோஜாவால் கோபிக்க முடியவில்லை. பக்கத்தில் போய் இருந்தாள். "கூப்பிட்டது ஆர்?"

"கரையில ஒருத்தரும் இல்ல. சத்தம் அந்த வீட்டுக்குள்ள இருந்துதான் வந்துச்சு."

அனோஜா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இப்படி ஒன்று தனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்தாள். நீலவேணி அவள் கையைவிட்டு எங்கோ தூரம் போயிருந்தாள். அது வலிக்கவில்லை.

"உள்ளுக்க என்ன இருக்கு?"

"இன்னும் கதவத் தொறக்கல. வாசல்லதான் நிக்கிறா. ஈரப் பாவாடையப் பிழியிறா. உள்ள யாரோ அரிசி களையிற சத்தம் கேக்குது."

பஸ் குளக்கட்டோரம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. செல்வநாயகம் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். டிலுசா முன்சீட்டிலிருந்து திரும்பி முழங்காலில் நின்று கேட்டாள். அனோஜா சீட்டில் தலையைச் சாய்த்தாள். ராக்காயியின் குரலில் ஒரு கதவு மெல்லத் திறந்தது.