அரம் இழுத்த கோடு

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். வாய் பிளந்து நின்றதில் பிறந்தது. கோபம் அப்புறம் வந்தது.

பிலடெல்பியாவில் லைலின் பழைய நாணயக் கடையில் எனக்கு வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அதனால் லைல் என்னை 'காலேஜ்' என்றுதான் கூப்பிடுவார். பாராட்டு இல்லை, குத்தல்.

முதல் தொடக்கம்: "1795-இல் புத்தம்புதிய நாடொன்று தன் முதல் தங்கத்தை அச்சடித்தபோது வரலாறே மூச்சை—"

(அடித்துவிட்டேன். நாடு எதையும் அச்சடிக்கவில்லை. ஆட்கள் அச்சடித்தார்கள்.)

2.

கடையில் ஒரே சட்டம்: நாணயத்துக்கு நேரே வாயைத் திறக்காதே. எச்சில் துளி தெறித்தால் கறை, கறை விழுந்தால் போகாது. பேசுவதென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டவர்கள் மாதிரி தெரியும்.

வெர்னெல் வந்தார். பஸ் ஓட்டிய ஓட்டிஸின் மனைவி. ஓட்டிஸ் போன வருஷம் இறந்துவிட்டார். கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே 1795-ஆம் வருஷத்துத் தங்க நாணயம் ஒன்று, முகத்தில் நாலைந்து கோடு.

"சேர்த்து வச்ச நாணயத்தையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டு இது ஒண்ணை வாங்கிட்டு வந்தாரு. கீறல் விழுந்ததைப் போய் வாங்கியிருக்கியே மனுஷான்னு அவரு சாகுற வரைக்கும் திட்டினேன்."

லைல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கீறல்தான்மா. கவலைப்படாதீங்க, டாக்டர்கிட்ட அனுப்பிடலாம்."

"காசுக்கு டாக்டரா? என் முட்டிக்கே ஒருத்தன் கிடைக்க மாட்டேங்கிறான்."

"பள்ளத்துல லேசா பூசி மறைச்சிடுவார். கண்ணுக்கே தெரியாது. நல்ல விலைக்குப் போகும்."

(* டாக்டர்: நாணயத்தின் குறையைப் பூசி மறைப்பவருக்கு எங்கள் தொழிலில் உள்ள பெயர். பில் கேட்டால் தர மாட்டார்.)

"காலேஜ், இதைக் கட்டு."

3.

கட்டுவதற்கு முன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.

கோடுகளின் ஓரம் மழுங்கியிருந்தது. அச்சு விழுந்த பிறகு யாராவது கீறியிருந்தால் ஓரம் கூராக நிற்கும். இந்தக் கோடுகள் அச்சுக்கு முந்தியவை. அச்சு மேலே இறங்கி அவற்றை நசுக்கியிருக்கிறது. இது கீறல் இல்லை. அரம் இழுத்த தடம்.

இந்த நாணயத்தில் எத்தனை டாலர் என்று எங்கேயும் போடவில்லை. கழுகு உண்டு, நட்சத்திரம் உண்டு, மதிப்பு மட்டும் இல்லை. எடைதான் மதிப்பு. கனம் கூடிய தங்க வில்லையை அரத்தால் ராவிச் சரிக்கட்டினார்கள். இந்த ஊர் நாணயச்சாலையில் அந்த வேலைக்குப் பெண்களை வைத்திருந்தார்கள்.

இதை ராவியது பெண் கைதானா? நிரூபிக்க என்னால் முடியாது. எழுத முடியும்.

பெரிய மனிதர்களின் கையெழுத்தெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. இவளுடையது இந்த நாலைந்து கோடு. போதும் என்று அவள் அரத்தைக் கீழே வைத்த நொடியில்தான் இது ஐந்து டாலர் ஆனது. ஒரு நாட்டின் வாக்கு அவள் மணிக்கட்டில் நின்றிருக்கிறது. நாணயத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தேன்.

4.

லைலை வில்லனாக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. கைக்குட்டை பிரிந்தபோது தொப்பியைக் கழற்றியவர் அவர்தான். இது அரத்தின் தடம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் பூசச் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு முடிவு: சொல்லிவிடுகிறேன். வெர்னெல் நாணயத்தோடு வீட்டுக்குப் போகிறார், நான் வேலை இல்லாமல் வீட்டுக்குப் போகிறேன்.

இன்னொன்று: கட்டி அனுப்புகிறேன். ஏலத்தில் 'குறையே இல்லாதது' என்று கொண்டாடுகிறார்கள். அவளைப் பூசி மறைத்தாயிற்று.

மூன்றாவது: லைல் மனம் மாறி—

(மாட்டார். எனக்கு லைலைத் தெரியும்.)

5.

"என்ன காலேஜ், பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற? கட்டு."

"இருங்க," என்றார் வெர்னெல். "இந்தப் பொண்ணுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. சொல்லு கண்ணு. எங்க ஓட்டிஸ் ஏமாந்துட்டாரா?"

நாணயத்தை ஓரத்தில் பிடித்திருக்கிறேன், என் வாய்க்கு நேரே. பேச முகத்தைத் திருப்ப வேண்டும். கண் அதை விட்டு வர மாட்டேன் என்கிறது.

இதைப் படிக்கிற உங்கள் கையில் நாணயம் இல்லை. வாயும் சும்மாதான் இருக்கிறது.

வெர்னெல் காத்திருக்கிறார்.